தேயிலை மலைக்கு ஆள் எடுத்த வரலாறு

ஒரு தொழிலின் தன்மையை அறிய விரும்புவோர், அத் தொழிலுக்கு ஆள் எடுக்கும் முறையை முதலில் ஆராய்தல் வேண்டும். யார் தேர்ந்தெடுக்கிறார், எதனைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறார், சேர்ந்தவன் விலக நினைத்தால் அவனுக்கு வழி உண்டா என்னும் மூன்று வினாக்களுக்கு விடை கண்டால், கணக்கேடுகள் சொல்லாத பலவும் விளங்கும். மலாயாவின் தோட்டங்களுக்குத் தமிழர் சென்ற வரலாற்றை இம் மூன்று வினாக்களைக் கொண்டு நோக்கலாம். அவ்வரலாற்றின் கடைசி ஏட்டில் இடம்பெறுவன கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்கள்.

பகாங் மாநிலத்தின் மேற்கு எல்லையில் அமைந்துள்ளது கேமரன் மலை. 1885-இல் நில அளவையாளர் வில்லியம் கேமரன் இப் பகுதியை ஆராய்ந்து சென்றார். அவர் பெயரே மலைக்கு நிலைத்தது. நாற்பது ஆண்டுகள் கழித்து, 1925-இல், கூட்டு மலாய் நாடுகளின் தலைமைச் செயலாளராயிருந்த ஜார்ஜ் மாக்ஸ்வெல் நேரில் வந்து பார்த்து, மலைவாழிடம் அமைக்க ஏற்ற இடம் இதுவெனக் கருதினார். அதன்பின் பேராக் மாநிலத்துத் தாப்பாவிலிருந்து தானா ராத்தாவுக்கு ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவுக்கு வளைந்து வளைந்து ஏறும் பாதை வெட்டப்பட்டது. 1929-இல் ஜே. ஏ. ரஸ்ஸல் என்பார், இலங்கைத் தேயிலையில் பழகிய ஏ. பி. மில்னைத் துணைகொண்டு ‘போ’ தோட்டத்தைத் தொடங்கினார். 1933-இல் பாரத் தோட்டம் தோன்றியது. புளூ வேலி, சுங்கை பாலாஸ் முதலிய பெயர்களும் பின்னர் வழக்குக்கு வந்தன.

காடழித்த சரிவில் கன்று நட்டு, கவ்வாத்து வெட்டி, கொழுந்து பறித்துத் தோட்டங்களை உருவாக்கியவர்களுள் தமிழர் முதலிடம் பெறுவர். அவர்களை யார், எவ்வாறு எடுத்தனர் என்பதற்கு விடை காண, மலையை விட்டுச் சற்றுக் கீழிறங்கி, காலத்தாலும் ஒரு நூற்றாண்டு பின்செல்ல வேண்டும்.

ஒப்பந்தக் காலம்

மலாயாவுக்குத் தமிழ்த் தொழிலாளரை முதலில் பெருவாரியாக அழைத்தவை வெல்லெஸ்லி மாநிலத்துக் கரும்புத் தோட்டங்கள். பின்னர்க் காப்பியும், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பரும் வந்தன. முதற்காலத்தில் ஆள் எடுத்த முறை ஒப்பந்த முறை எனப்படும். நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் இருந்த தரகர்கள் ஆட்களைத் திரட்டினர். கப்பற் கட்டணமும் முன்பணமும் தொழிலாளியின் கணக்கில் கடனாக எழுதப்பட்டன. அவன் பெரும்பாலும் மூன்றாண்டுக்குக் கைநாட்டு வைத்தான்.

இம் முறையில் தேர்வு எளிது. கை கால் வலுவும், கப்பல் ஏறும் உடல்நலமும் இருந்தால் போதும். விலகுவதே அரிது. ஒப்பந்தக் காலத்தில் வேலைக்கு வாராமை, தோட்டத்தை விட்டு ஓடுதல் ஆகியவை குற்றமாகக் கருதப்பட்டன. அவற்றுக்கு அபராதமும் சிறையும் உண்டு. கடன் கொடுத்தவன் கடன்பட்டவன்மீது பணவழக்குத் தொடுப்பது உலக வழக்கு. இங்கோ வேலையை விட்ட தொழிலாளி குற்றவாளிக் கூண்டில் நின்றான். இந்திய அரசும் பிரிட்டிஷ் அரசும் இம் முறையைப் பற்றிப் பலகாலம் விவாதித்தன. இறுதியில் மலாயாவுக்கு ஒப்பந்த முறையில் ஆள் எடுப்பது 1910-இல் நின்றது.

சொல்லும் பொருளும்

ஒப்பந்த முறை தேய்ந்தபோது வளர்ந்தது கங்காணி முறை. ‘கங்காணி’ என்னும் சொல் தமிழுக்குப் புதியதன்று. கண்காணி என்பதே அதன் மூலவடிவம். கோயிற் காரியத்தை மேற்பார்வை செய்தவரைச் சோழர் கல்வெட்டுகள் ‘ஸ்ரீகார்யக் கண்காணி’ எனச் சுட்டும். அரசர் காலத்தில் மதிப்புடைய பதவியாயிருந்த சொல், கடல் கடந்தபின் தோட்டத்து மேற்பார்வையாளனைக் குறிக்கலாயிற்று.

‘கூலி’ என்னும் சொல்லுக்கு நேர்ந்தது இன்னும் கருதத்தக்கது. உழைப்புக்குக் கிடைக்கும் பயன் என்னும் பொருளில் திருக்குறளிலேயே இச்சொல் உண்டு. தோட்டத்து வழக்கில் அது ஊதியத்தை விட்டு நீங்கி, ஊதியம் பெறும் மனிதனுக்கே பெயராயிற்று. பெற வேண்டிய பொருளின் பெயர் பெறுவோனின் பெயராக மாறியது, அக் காலத்தில் தொழிலாளி எவ்வாறு மதிக்கப்பட்டான் என்பதற்கு மொழி தரும் சான்று எனலாம்.

கங்காணி எடுத்த ஆள்

கங்காணி முறையின் நடைமுறை பின்வருமாறு அமைந்தது. தோட்டத்தில் ஏற்கெனவே வேலை செய்துவந்த ஒருவனைத் துரை தேர்ந்தெடுத்து, ஊருக்குச் சென்று ஆள் கொணருமாறு அனுப்புவார். அவனுக்கு லைசென்ஸ் வழங்கப்படும். திருச்சி, தஞ்சை, சேலம், வடார்க்காடு, தென்னார்க்காடு, செங்கற்பட்டு முதலிய மாவட்டங்களில் உள்ள தன் ஊருக்கும் சுற்றுப்புறங்களுக்கும் அவன் செல்வான். உறவினரையும் ஊராரையும் அழைப்பான். செல்ல இசைந்தவர்களைக் கிராம முன்சீப்பிடம் காட்டி, தடையில்லை என ஒப்பம் பெற வேண்டும். பின்னர் ஆவடியிலோ நாகப்பட்டினத்திலோ இருந்த முகாமில் அவர்களைக் கொண்டு சேர்ப்பான். ஆங்கே மருத்துவர் உடலைச் சோதிப்பார், அம்மை குத்தப்படும். தன் விருப்பத்தோடு செல்கின்றானா என ஒவ்வொருவனையும் அதிகாரிகள் வினவுவர். அதன்பின் கப்பல், கரை சேர்ந்தால் பினாங்கை அடுத்த ஜெரஜாக் தீவிலோ, போர்ட் சுவெட்டன்ஹாமிலோ தொற்றுநோய்த் தடைமுகாம். இறுதியில் தோட்டத்து லயம்.

இம் முறையில் முதல் வினாவுக்கு விடை மாறியது. ஆளைத் தேர்ந்தெடுத்தவன் முகம் தெரியாத தரகன் அல்லன். மாமனோ மைத்துனனோ, அடுத்த தெருக்காரனோ ஆவான். அவன் சொல்லை நம்பிக் குடும்பத்தோடு கப்பல் ஏறலாம். புது நாட்டில் மொழி தெரியாத இடத்தில் காய்ச்சல் கண்டால் கஞ்சி வைத்துத் தரவும், திருமணத்துக்கும் சாவுக்கும் முன்நிற்கவும் ஒருவன் உண்டு. மலாயாத் தோட்டங்களில் ஊர்வழக்கும் தெய்வமும் திருவிழாவும் சிதையாமல் நின்றதற்கு, ஓரூரார் ஒரே தோட்டத்தில் கூடி வாழ்ந்தது முதற்காரணம்.

ஆயினும் இப் பிணைப்புக்கு மறுபுறமும் உண்டு. கொண்டுவந்த ஒவ்வோர் ஆளுக்கும் கங்காணிக்குத் தரகுப்பணம் கிடைத்தது. அவர்கள் நாள்தோறும் பெரட்டுக்கு வந்து வேலைக்கு இறங்கினால் ‘தலைக்காசு’ எனத் தனி வருவாயும் பலவிடங்களில் உண்டு. ஆகவே ஓர் ஆள் தோட்டத்தை விட்டுப் போனால் கங்காணியின் வருவாய் குறையும். உறவுமுறை கொண்டாடி அழைத்துவந்தவனே, உறவுமுறையைச் சொல்லி நிறுத்திவைப்பவனும் ஆனான். மாமன் சொல்லைத் தட்டுவதெப்படி என்னும் தயக்கம், சிறைச்சுவர் செய்த வேலையை ஓரளவு செய்தது. சாதிப் பிரிவும் கங்காணியின் அணிப் பிரிவோடு கலந்து ஊரிலிருந்தவாறே தோட்டத்திலும் இடம்பெற்றது.

இலங்கையின் துண்டு

விலகும் வழி எவ்வாறு அடைபட்டது என்பதை ஒப்பிட்டறிய இலங்கை சிறந்த எடுத்துக்காட்டு. கேமரன் மலைத் தேயிலைக்கு வழிகாட்டிய அனுபவமும் அங்கிருந்தே வந்தது. இலங்கைத் தோட்டங்களுக்குச் செல்லும் தொழிலாளிக்கு, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தோட்டத்தின் எண் பொறித்த தகரச் சீட்டு ஒன்று வழங்கப்பட்டது. அதனைக் கழுத்தில் அணிந்து அவன் பயணம் செய்தான். பெயரைக் கேட்பாரில்லை, தகரத்தைப் பார்த்து இன்ன தோட்டத்துக்கு இவன் உரியவன் என வழியனுப்பினர்.

அதனினும் வலியது ‘துண்டு’. ஒரு கங்காணியும் அவன் ஆட்களும் தோட்டம் மாற விரும்பினால், பழைய துரை ஒரு துண்டுச் சீட்டு எழுதிக் கொடுப்பார். இன்னின்னாரின் கடன் இவ்வளவு. அதனைச் செலுத்துவோர் இவர்களை எடுத்துக்கொள்ளலாம் என்பது அதன் கருத்து. புதிய துரை அக்கடனைத் தீர்த்து ஆட்களைப் பெறுவார். கடன் அழியாது, கைமாறும், பல வேளைகளில் வளரும். தொழிலாளியின் திறமையோ விருப்பமோ எழுதப்படாத அச் சீட்டில், அவன் தலைமேல் உள்ள தொகை மட்டும் தெளிவாக எழுதப்பட்டிருந்தது. 1921-இல் இலங்கை அரசு சட்டத்தால் துண்டு முறையை ஒழித்தது. கடல் கடந்த தமிழரின் தோட்ட வாழ்வில் ‘துண்டு’ என்னும் இச் சிறு தமிழ்ச்சொல் ஆங்கிலச் சட்ட ஏடுகளிலும் ஏறியது, அதன் வலிமையைக் காட்டும்.

1907-ஆம் ஆண்டின் மாறுதல்

மலாயாவில் இக்கடன் முடிச்சை அவிழ்த்தது, 1907-இல் ஏற்பட்ட தமிழர் குடியேற்ற நிதி. ரப்பர் விலை ஏறிய காலம் அது. ஆள் வேண்டுமென எல்லாத் தோட்டங்களும் தவித்தன. பணம் செலவிட்டு ஆள் கொணர்ந்த தோட்டத்திலிருந்து, செலவிடாத தோட்டத்தார் கூடுதல் கூலி காட்டி ஆட்களைக் கவர்ந்து சென்றனர். இதனைத் தடுக்க, இந்தியத் தொழிலாளரை வைத்திருக்கும் எல்லா முதலாளிகளிடமும் தொழிலாளர் செய்த வேலைக் கணக்குக்கேற்ப வரி பெற்று, அந் நிதியிலிருந்து வழிச்செலவைக் கொடுக்க ஏற்பாடாயிற்று.

முதலாளிகளின் பூசலைத் தீர்க்கப் பிறந்த ஏற்பாடே எனினும், தொழிலாளிக்கு அது நன்மை பயத்தது. கப்பற் கட்டணம் அவன் கணக்கில் ஏறவில்லை; சட்டத்தின்படி அவன் கடனின்றிக் கரையிறங்கினான். ஒரு மாத முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டு வேறு தோட்டம் செல்ல அவனுக்கு உரிமை இருந்தது. தொழிற் குற்றங்களுக்குச் சிறை என்னும் விதியும் 1920-களின் தொடக்கத்தில் நீங்கியது. 1922-ஆம் ஆண்டின் இந்தியக் குடியேற்றச் சட்டம், ஆள் சேர்க்கும் முறையைக் கட்டுப்படுத்தும் அதிகாரத்தை இந்திய அரசுக்கு அளித்தது. மலாயாவில் அவ்வரசின் ஏஜண்டு ஒருவர் அமர்ந்து தோட்டங்களைப் பார்வையிட்டார். 1923-ஆம் ஆண்டின் தொழிற் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் உள்ள தோட்டம் பள்ளி வைக்க வேண்டும் என விதித்தது. கிராணியோ கங்காணியோ ஆசிரியராக இருந்த அப் பள்ளிகள் பல குறை உடையனவே. எனினும் மலாயாவில் தமிழ்க் கல்வி பரவுவதற்கு அவை துணையாயின.

மலைமேல் ஏறியபோது

கேமரன் மலையில் தேயிலை நட்ட 1929-ஆம் ஆண்டு, ஆள் சேர்க்கும் வரலாற்றில் ஒரு திருப்பத்தின் விளிம்பில் நிற்கிறது. அவ்வாண்டின் இறுதியில் உலகப் பொருளாதார மந்தம் தொடங்கியது. ரப்பர் விலை வீழ்ந்தது. 1930 ஆகஸ்டில் இந்தியாவிலிருந்து ஆள் சேர்ப்பது நிறுத்தப்பட்டது. வேலையிழந்த பல்லாயிரவர் ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். ஆண்களுக்கு நாள் ஒன்றுக்கு 50 காசும் பெண்களுக்கு 40 காசும் என இருந்த ஊதியம் 40, 32 என இறங்கியது. பொருள்விலை மிகுந்த பகாங் உட்பகுதிகளுக்கென மந்தத்துக்கு முன் 58, 46 காசு என உயர்ந்த விகிதம் வகுக்கப்பட்டிருந்தமையும் ஈண்டு நினைவுகூரத் தக்கது.

ஆகவே புதிய மலைத்தோட்டங்கள் வளர்ந்த காலத்தில், ஊரிலிருந்து கங்காணி ஆள் கொணரும் பழைய வாயில் பெரும்பாலும் சாத்தப்பட்டிருந்தது. அத் தோட்டங்களுக்குச் சமவெளி ரப்பர்த் தோட்டங்களிலிருந்து வந்தோரும், முன்வந்தோரின் உறவினரும் பெரிதும் உதவியிருப்பர் எனக் கொள்வதே பொருந்தும். பால்மரம் வெட்டிய கை கொழுந்து கிள்ளப் பழகியது. வெயிலும் கொசுவும் சமவெளியின் துன்பம்; குளிரும் மழையும் அட்டையும் மலையின் துன்பம்.

இங்கே விலகும் வழி மற்றொரு வகையில் குறுகியது. சட்டத்தில் ஒரு மாத முன்னறிவிப்பு இருந்தது. எனினும் சமவெளியில் ஒரு தோட்டத்தை விட்டவன், வேலியைத் தாண்டினால் அடுத்த தோட்டத்தில் நிற்பான். மலையிலோ தோட்டங்கள் சில. கீழே இறங்கத் தாப்பாப் பாதை ஒன்றே. குடியிருக்கும் லயம் தோட்டத்துக்குரியது. வேலை போனால் கூரையும் போம். பள்ளி, மருந்தகம், கோயில் ஆகிய யாவும் தோட்டத்து எல்லைக்குள்ளேயே இருந்தன. எழுதிய கடன் இல்லாமலும் ஒருவனைத் தோட்டத்தோடு பிணைக்க இவை போதும்.

கதவு அடைபட்டபின்

1936-ஆம் ஆண்டின் இறுதியில் வி. எஸ். சீனிவாச சாஸ்திரியார் இந்திய அரசின் சார்பில் மலாயா வந்து தொழிலாளர் நிலையை ஆராய்ந்தார். 1937-இல் வெளியான அவர் அறிக்கை பல செய்திகளில் மலாயா அரசுக்கு இணக்கமாக இருந்ததெனக் குறைகூறப்பட்டது. எனினும் கங்காணி மூலம் ஆள் சேர்க்கும் முறை இனி வேண்டா என்பதில் அது தெளிவாக நின்றது. தாமாகவே முகாமுக்கு வந்து செல்ல விரும்புவோர் போதிய அளவில் இருக்க, இடைத்தரகன் எதற்கு என்பது அதன் அடிப்படை. 1938-இல் தோட்ட முதலாளிகள் மீண்டும் ஊதியத்தைக் குறைத்தபோது, இந்திய அரசு அவ்வாண்டு ஜூன் 15 முதல் உதவிபெற்றுச் செல்லும் உடலுழைப்புத் தொழிலாளர் குடியேற்றத்தை அறவே தடுத்தது. 1941-இல் கிள்ளான் பகுதித் தோட்டங்களில் எழுந்த வேலைநிறுத்தங்கள், ஊதிய உயர்வோடு மானத்தையும் கேட்டன.

கங்காணி முறையினும் கொடிய ஆள் சேர்ப்பு ஒன்றும் அடுத்து வந்தது. ஜப்பானியர் ஆட்சியில், 1942-க்கும் 1943-க்கும் இடையே, சயாம்–பர்மா ரயில் பாதை அமைக்கத் தோட்டத் தமிழர் திரட்டப்பட்டனர். நல்ல கூலி, குறுகிய காலம், இலவச உணவு என்பன சொல்லப்பட்ட உறுதிகள். பின்னர் உறுதிமொழியும் போய், வலிந்து பிடித்தலே வழக்காயிற்று. சென்றவர்களுள் பல்லாயிரவர் காட்டிலேயே மாண்டனர். உறுதிமொழியைப் பின்னர்ச் சோதிக்கவும், பொய்யானால் விலகவும் வழியில்லாத இடத்தில் ஆள் சேர்ப்பு எங்குச் சென்று முடியும் என்பதற்கு இதனினும் கடிய சான்று வேண்டா.

போருக்குப்பின் நிலைமை மாறியது. 1954-இல் தோட்டத் தொழிற்சங்கங்கள் இணைந்து தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவாயிற்று, பி. பி. நாராயணன் அதன் பொதுச் செயலாளரானார். ஊதியமும் வேலை நிபந்தனையும் சங்கமும் முதலாளிகளும் பேசி எழுதும் உடன்பாட்டில் ஏறின. 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம், வேலையிலிருந்து விலகுவதற்கும் விலக்குவதற்கும் உரிய முன்னறிவிப்புக் காலம் இரு தரப்புக்கும் ஒரே அளவாதல் வேண்டும் என்னும் நெறியைக் கொண்டது. ஒரு காலத்தில் சிறைக்குரிய குற்றமாயிருந்த விலகல், இருவர்க்கும் சமமான உரிமையாக ஏட்டில் இடம்பெற்றது.

ஆயினும் புதிய சீட்டு ஒன்று தோன்றியது. 1968-இல் இயற்றப்பட்ட வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, குடியுரிமை பெறாதவர் வேலை செய்யத் தனி அனுமதி தேவையாயிற்று. பிறந்தது முதல் தோட்டத்திலேயே வாழ்ந்தும், உரிய காலத்தில் விண்ணப்பம் எழுதத் தெரியாமையால் சிவப்பு அடையாள அட்டையோடு நின்றவர் பலர். 1969-க்குப் பின் வேலையிழந்து, பார்த்தறியாத தமிழ்நாட்டுக்குக் கப்பல் ஏறியோர் பல்லாயிரவர். கைத்திறன் மாறவில்லை; காடும் கொழுந்தும் மாறவில்லை; அட்டையின் நிறம் மட்டும் தகுதியை முடிவுசெய்தது.

இன்றைய மலை

இன்று கேமரன் மலைத் தோட்டங்களில் தமிழ்க் குடும்பங்கள் குறைந்துவிட்டன. கல்வி கற்ற பிள்ளைகள் நகரங்களுக்கு இறங்கினர்; பொறியியலிலும் கணினியிலும் வேலை தேடி விண்ணப்பமும் நேர்காணலும் அறிந்தவர்களாயினர். கொழுந்தெடுப்பில் பொறியும் புகுந்துள்ளது. வங்காளதேசம், நேபாளம், இந்தோனேசியா முதலிய நாடுகளிலிருந்து வந்தோர் கூடையும் பொறியும் தாங்குகின்றனர். தம் நாட்டில் முகவருக்குக் கடன் வாங்கிப் பணம் கட்டி மலேசியா வருவோர் அயல்நாட்டுத் தொழிலாளருள் பலர். அவர்களின் வேலை அனுமதி பெரும்பாலும் ஒரே முதலாளியின் பெயரோடு பிணைக்கப்பட்டது. தரகன், கடன், ஓரிடத்துப் பிணைப்பு என்னும் மூன்றும் நூறாண்டுக்கு முன் தமிழர் அறிந்தவையே.

தோட்டத் தமிழ்ப் பள்ளிகளில் பயிற்றும் ஆசிரியர்க்கு இவ்வரலாறு பயன்படும் பாடம். வேலைக்கு எடுக்கும் முறை நேரியதா என்பதை அறிய, பலரும் உள்ளே செல்லும் வாயிலையே பார்ப்பர்: யாரைக் கேட்டார்கள், எப்படிச் சோதித்தார்கள், எவ்வளவு தருவதாகச் சொன்னார்கள் என ஆராய்வர். ஒப்பந்தம், துண்டு, கங்காணி, சிவப்பு அட்டை ஆகிய யாவற்றையும் கடந்துவந்த மக்களின் அனுபவம், வெளியே செல்லும் வாயிலையும் பார்க்கச் சொல்கிறது. பிடிக்காத இடத்தை விட்டு அச்சமும் கடனுமின்றி நடந்துபோக முடிந்தவனே, ஊதியம் பேசும் வலிமையும் பெறுவான். தமிழர்க்கு அவ்வாயில் திறக்க ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு ஆயிற்று. அதே சரிவில் இன்று கொழுந்தெடுக்கும் அயல்நாட்டார்க்கு அஃது எவ்வளவு திறந்திருக்கிறது என வினவும் கடமை, அவ்வழியே நடந்து வந்தவர்களின் வழித்தோன்றல்களுக்கு மற்றவரினும் மிகுதியாக உண்டு.